நெஞ்சில் தொங்கிய கமரா

கமரா அண்ணையை நான் முதன்முதலில் பார்த்தபோது ஒரு ஜெர்மன் கிழவி அவரைக் குடையால் அடித்துக்கொண்டிருந்தாள்.

மழை இல்லை, நல்ல வெயில். டுசல்டோர்ஃபுக்கு வெளியே, மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் வாகனத் தரிப்பிடத்தில், கோடைகால ஞாயிறுகளில் தாய்லாந்துச் சந்தை கூடும். மீன் சோஸும் கருகிய பன்றியிறைச்சியும் பொரித்த வாழைப்பழமும் சேர்ந்து மணக்கிற அந்த இடத்தில் ஒரே தமிழ்க் கடை என்னுடையது. கொத்துரொட்டியும் ரோல்ஸும் போட்டேன். தாய்லாந்துக்காரருக்கு நடுவில் உனக்கென்ன வேலை என்று கேட்ட சொந்தக்காரரிடம், தமிழருக்கு ஒரு சந்தை போட்டுத் தாருங்கள், அடுத்த நாளே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

கிழவி நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். அவள் வாயிலிருந்து நூடில்ஸ் தொங்கிய நேரம் பார்த்து இவர் படம் எடுத்திருக்கிறார். முதல் அடி தோளில் விழுந்தது, அடுத்தது காதில். மனிதர் ஓடவுமில்லை, கையை உயர்த்தித் தடுக்கவுமில்லை. கமரா கழுத்துப்பட்டியில் நெஞ்சுக்கு நேரே தொங்கியது. கட்டைவிரல் அதன் பொத்தானில் இருந்தது. கண்களை இறுக்கி மூடிக்கொண்டு, விழுந்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, தள்ளி நில்லுங்கோவன்!" என் வாயில் தமிழ்தான் வந்தது.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "தமிழோ? ஒரு தேத்தண்ணி போடுங்கோ தங்கச்சி. சீனி கூட" என்றார். காதிலிருந்து இரத்தம் சட்டைக் கொலருக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு ஒரு கட்டு மண்ணிற உறைகளோடு வந்தார். அதுதான் அவருடைய வழக்கம். கேட்காமல் எடுப்பார். எடுத்ததை அச்சடித்து உறையில் போட்டு, கேட்காமலே கொண்டுவந்து கொடுப்பார். கிழவியும் வந்திருந்தாள், நூடில்ஸ் ருசி விடவில்லை. இவர் தாய்லாந்துக்காரர் மாதிரிக் குனிந்து, இரண்டு கையாலும் உறையை நீட்டினார். இரண்டாம் சுற்று தொடங்கப் போகிறது என்று நாங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிழவி படத்தை வெளியே எடுத்தாள். குடையை ஓங்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய, கழுத்து நரம்பு புடைக்க நிற்கிற தன்னையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். செத்துப்போன தன் அம்மா கோபம் வந்தால் இப்படித்தான் இருப்பாள் என்றும், தங்கைக்கு ஒரு பிரதி வேண்டும் என்றும் சொன்னாள்.

எல்லாரும் அந்தக் கிழவி மாதிரி இருக்கவில்லை. இந்த நாட்டில் ஒருவரைக் கேட்காமல் அவர் முகத்தை எடுக்கக்கூடாது. அதற்குச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை வாய்ப்பாடமாக வைத்திருக்கிறவர்களும் சந்தைக்குச் சாப்பிட வருவார்கள். "அழி, உடனே அழி" என்று கத்துவார்கள். கமரா அண்ணை எத்தனையோ படங்களுக்காக அடி வாங்கினார், ஒன்றைக்கூட அழித்ததில்லை. தோள் முழுக்கப் பச்சை குத்திய ஒருவன் அவருடைய முன்பற்களை எங்கள் கண் முன்னாலேயே உடைத்தான். பக்கத்திலிருந்து அவனுக்கு மாம்பழச் சோறு ஊட்டிய பெண் அவனுடைய மனைவி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வாயிலிருந்து இரத்தத்தைத் துப்பிவிட்டு, உடைந்த பல்லைத் தரையில் தேடிப் பொறுக்கி, அதையும் படமெடுத்துக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன விசரோ? அழிச்சிருந்தா அவன் போயிருப்பான்" என்றேன்.

"பல்லு கட்டலாம் தங்கச்சி. அந்த முகத்தை ஆர் கட்டித் தாறது?"

"அந்தாளின்ரை வீடு உடைஞ்சா நீங்களே போய்க் கட்டிக் குடுப்பியள்?"

வாய் வலியோடு ஒரு ரோல்ஸை மெதுவாகச் சப்பிக்கொண்டிருந்தார். சரியான பிடிவாதக்காரர். அவர் செய்தது சரி என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் அவர் வராத ஞாயிறுகளில் சந்தை எனக்கு உப்பில்லாமல் இருந்தது.

ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. மற்ற நாட்களில் ஒரு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தகடு வெட்டும் இயந்திரத்தில் நின்றார். குடும்பம் இல்லை, இருந்தது, போய்விட்டது. அதை அவர் சொன்ன விதம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. "மனிசி பெட்டியோடை படியிறங்கிப் போனதை மேலையிருந்து எடுத்தனான். நல்ல வெளிச்சம். அச்சடிச்சு அவவுக்கு அனுப்பினனான்."

"அவ என்ன செய்தவ?"

"கிழிச்சுத் திருப்பி அனுப்பினவ. அந்தத் துண்டுகளையும் எடுத்து வைச்சிருக்கிறன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே எடுப்பார். கமராவைக் கண்ணுக்குத் தூக்கினால் ஆட்கள் உஷாராகிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. "கேட்டா முகம் கதவைச் சாத்திப்போடும்" என்பார். தாய்லாந்துக் கடைக்காரிகள் கமராவைக் கண்டால் உடனே சிரித்து இரண்டு விரலை நீட்டுவார்கள். இவர் அந்த விரல்கள் களைத்து இறங்கும்வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கும் அதே சட்டம்தான். "சிரியாதேங்கோ தங்கச்சி. சிரிச்சா எல்லாரும் ஒரே ஆள்."

குளிர்காலத்தில் சந்தை இல்லை. விடுமுறையெல்லாம் சேர்த்துவைத்து பாங்கொக்குக்குப் போவார், ஒவ்வொரு வருடமும். வசந்தத்தில் வந்து என் மேசையில், மிளகாய்ச் சோஸ் போத்தல்களுக்கு இடையில், படங்களைப் பரப்புவார். மீன் வெட்டுகிறவளின் முழங்கை வரை ஒட்டிய செதில்கள். மோட்டார்சைக்கிளில் படுத்து வாய் பிளந்து தூங்கும் வாடகை ஓட்டி. ஐஸ்கட்டியைக் கொக்கியால் இழுத்துப்போகும் கிழவன். பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் எல்லாமே ஒரே சந்தை, ஒரே தெரு என்பதை நான் கவனிக்கச் சில வருடங்கள் பிடித்தன.

"பாங்கொக்கிலை வேறை சந்தை இல்லையோ?" என்று கேட்டேன்.

"கனக்க இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

அவரை மிக மோசமாக அடித்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். அகதி வழக்கு இன்னும் முடியாத ஓர் இளைஞன் தன் நண்பர்களோடு என் கடையில் கொத்துரொட்டி சாப்பிட வந்தான். இவர் வழக்கம்போல் எடுத்துவிட்டார். அந்தப் பையன் தட்டை அப்படியே வைத்தான். முகம் வெளிறிவிட்டது. இதை வாசிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். எங்களுக்குள் ஒருவர் கேட்காமல் படமெடுத்தால், இது யாருக்குப் போகிறது என்பதுதான் முதல் கேள்வி. இங்கே எடுத்த படத்தோடு அங்கே ஊரில் வீட்டுக் கதவைத் தட்டிய கதை எங்களில் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருந்தது.

அவரைச் சட்டையில் பிடித்துக் குப்பைப் பெட்டிகளுக்குப் பின்னால் இழுத்துப்போனார்கள்.

"எந்த எம்பசிக்குக் குடுக்கிறாய்? சொல்லடா!"

"அடியுங்கோ தம்பி, பரவாயில்லை. கமராவிலை மட்டும் கை வையாதேங்கோ."

அடித்தார்கள். விழுந்தவரை விலாவில் உதைத்தார்கள். நான் இடையில் போய் ஒருவனின் முதுகில் கரண்டியால் போட்டேன், அவனுக்கு உறைக்கவேயில்லை. பக்கத்துக் கடைத் தாய்லாந்துக்காரி மாலிதான் பெரிய சட்டியின் மூடியை உலக்கையால் அடித்து ஊரைக் கூட்டினாள். ஆட்கள் ஓடிவந்ததும் பையன்கள் விட்டுவிட்டார்கள். கமரா அண்ணை தரையில் சுருண்டு கிடந்தார், கமரா நெஞ்சுக்கும் முழங்காலுக்கும் நடுவில் பத்திரமாக இருந்தது. கண் இறுக்கி மூடியிருந்தது. கட்டைவிரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.

விலாவில் கட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறு உறைகளோடு வந்தார். பையன்களும் வந்தார்கள், மன்னிப்புக் கேட்கவா, மிச்சத்தைக் கொடுக்கவா என்று அவர்களுக்கே தெரியவில்லை போல. இவர் ஆளுக்கொரு உறை கொடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். கீழேயிருந்து எடுத்த படம். வானம், ஓங்கிய முட்டி, அதற்குப் பின்னால் அந்தப் பையனின் முகம். அடித்துக்கொண்டிருந்தவன் அழுதுகொண்டிருந்தான். மூக்கெல்லாம் ஒழுகியிருந்தது.

"எம்பசிக்குக் குடுக்கிறவன் அடிச்சவனுக்கே கொப்பி குடுப்பானோடா?" என்றான் ஒரு நண்பன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன் என் வெங்காயப் பெட்டியில் உட்கார்ந்து, "அம்மா அங்கை தனிய இருக்கிறா அண்ணை" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கமரா அண்ணை அவனுக்கு ஒரு கொத்து வாங்கிக் கொடுத்தார். படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

அடி விழும்போது கண்ணை மூடுவது யாருக்கும் வருவதுதான். ஆனால் இவர் மற்றவர்களுக்கு அடி விழுந்தாலும் கண்ணை மூடினார். இடத்துக்காக இரண்டு கடைக்காரிகள் சண்டை பிடித்து, ஒருத்தி மற்றவளின் காலில் கொதிக்கிற சூப்பை ஊற்றியபோது இவர் பக்கத்தில் நின்றார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் அழுத்தினார். இன்னொன்று, மாலி பப்பாசிச் சம்பலுக்கு உரலில் இடிக்கத் தொடங்கினாலும் மூடுவார். கொச்சிக்காய்க் காரம் கண்ணுக்கு எரிக்கிறது என்று நினைத்தேன். எரிந்தால் தள்ளிப் போகலாமே? போகமாட்டார். அந்தக் கடையை ஒட்டித்தான் நிற்பார்.

"பாக்காமல் எப்பிடி எடுப்பியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

நாடியைத் தாழ்த்திக் கமராவைக் காட்டினார். "இது பாக்கும்."

பாங்கொக் கதையை ஒரு மழை ஞாயிறில் சொன்னார். சனம் இல்லை. என் தறப்பாளுக்குக் கீழே நானும் அவரும் மாலியும் மட்டும் இருந்தோம். வெளிநாடு வருவதற்காக ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, ஏஜென்ட் அவரையும் இன்னும் பலரையும் பாங்கொக்கில் ஒரு சந்தைக்கு மேலேயிருந்த அறையில் மாதக்கணக்கில் பூட்டிவைத்திருந்தான். யன்னல் கண்ணாடியில் பத்திரிகை ஒட்டியிருந்தது. அதில் ஒரு சிறிய ஓட்டை. முறை வைத்து அதனூடாகக் கீழே பார்ப்பார்களாம். மீன்காரி, ஐஸ்காரன், உரலில் இடிக்கிற ஒருத்தி. "எங்களுக்கு அதுதான் தங்கச்சி ரீவி."

மன்னார்ப் பக்கத்து நண்பர் ஒருவரும் அந்த அறையில் இருந்தார். இவரோடு ஒரே பாயில் படுத்தவர். ஒருநாள் அவருக்குப் பொறுக்க முடியவில்லை. வாழைப்பழப் பொரியல் வாங்கப் போகிறேன் என்று எப்படியோ இறங்கிவிட்டார். ஏஜென்டின் ஆட்கள் கீழே நின்றார்கள். சத்தம் போட்டால் பொலிஸ் வரும், அறையில் இருக்கிற எல்லாரும் பிடிபடுவார்கள். அதனால் மேலே ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த நேரம் ஓட்டையால் பார்க்கிற முறை இவருடையது.

கடைக் கதவு இழுக்கிற இரும்புத் தடியால் அடித்தார்களாம். நண்பரின் நீலச் சட்டை முதுகில் கிழிந்ததையும், அவர் மீன்மேசையைப் பிடித்து எழும்பப் பார்த்ததையும், மேசை சரிந்து மீன்கள் வழுக்கி ஓடியதையும், ஐஸ் சிவந்துபோனதையும், இடிக்கிறவள் இடியை நிறுத்தாமல் இடித்துக்கொண்டே இருந்ததையும் சொன்னார். "நிப்பாட்டினா அவளுக்கும் விழும்" என்றார். நண்பரைச் சாக்கில் சுற்றி எங்கேயோ கொண்டுபோனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

தறப்பாளில் மழை கொட்டியது. மாலிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. இவ்வளவையும் ஒரு ஓட்டையால் பார்த்துக்கொண்டு இந்த மனிதர் எப்படிப் பைத்தியமாகாமல் இருந்தார் என்று நினைத்தேன். பரிதாபமாக இருந்தது. பரிதாபத்துக்கு அடியில் ஒரு சின்னக் கோபமும் எனக்கு வந்தது. பார்த்துக்கொண்டே நின்றீர்களா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

மாலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வயதுதான். கோபம் வந்தால் தாய்லாந்து மொழியில் பாட்டுப் போலத் திட்டுவாள். அவளுடைய பழைய மனிசன் ஒரு ஜெர்மன்காரன், லொறி ஓட்டுபவன், ஆள் கதவு மாதிரி. பிரிந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் அவனுக்கு அது உறைக்கவில்லை. சந்தைக்கு வருவான், மேசைக்கு முன்னால் நின்று கத்துவான், போவான். நாங்கள் பழகிப்போயிருந்தோம். அது எங்கள் பிழைதான், இப்படியானவற்றுக்குப் பழகக்கூடாது.

அந்த ஞாயிறு அவன் கத்தவில்லை. பேசாமல் வந்தான். மேசைக்கு மேலால் கையை நீட்டி மாலியின் தலைமுடியைப் பிடித்து, முகத்தை உரலின் விளிம்பில் மோதினான். மண் உரல் உருண்டு விழுந்து உடைந்தது. அவள் மேசைக்குப் பின்னால் சரிந்தாள். அவன் மேசையைச் சுற்றிப் போய், அவள்மேல் குனிந்து, இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தான். அவளுடைய கால்கள் உடைந்த உரல் துண்டுகளை உதைத்துக்கொண்டிருந்தன. சாப்பிட வந்தவர்கள் தட்டுகளோடு பின்னால் நகர்ந்தார்கள். என் கடைக்கும் அவள் கடைக்கும் நடுவில் என் எண்ணெய்ச் சட்டி அடுப்பும் அதன் முன்னால் நின்ற வரிசையும் இருந்தன.

கமரா அண்ணைதான் கிட்ட நின்றார். கை நீட்டினால் அவன் கொலர் பிடிபடும் தூரம்.

"அண்ணை! கமராவை விட்டிட்டு அவனைப் பிடியுங்கோ!"

அவர் அசையவில்லை. கண் மூடியிருந்தது. விரல் மட்டும் அழுத்தியது.

கொத்துரொட்டி கொத்துகிற இரண்டு தகடுகளும் என் கைகளில் இருந்தன. அதுவரை சூடான கல்லில் கொத்திக்கொண்டிருந்தவை. வரிசையில் நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போனது நினைவிருக்கிறது. அவன் யாரோ வருவதை உணர்ந்து தலையைத் தூக்கினான். நான் அடித்தேன். தகட்டின் விளிம்பு காதிலிருந்து கன்னம் வரை இறங்கியது. இறைச்சியில் சூட்டிரும்பு பட்ட சத்தம் எனக்குத் தொழிலாலே தெரிந்த சத்தம். அவன் கத்திக்கொண்டு பின்னால் விழுந்தான். மாலியின் வாயிலிருந்து ஒரு மூச்சு விசில் மாதிரி வந்தது. அந்த மூச்சைக் கேட்ட பிறகுதான் நான் தகட்டைக் கீழே போட்டேன்.

பிறகு அம்புலன்ஸும் பொலிஸும் வந்தன. மாலி நினைவில்லாமல் போனாள். அவன் ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, வழுக்கி விழுந்த மாலியைக் குனிந்து தூக்கப்போன தன்னை இந்தப் பைத்தியக்காரி வெட்டினாள் என்று தெளிவாக, நல்ல ஜெர்மன் மொழியில் சொன்னான். தட்டோடு பின்னால் நகர்ந்தவர்களைக் கேட்டார்கள். சரியாகப் பார்க்கவில்லை, திடீரென்று நடந்தது, இந்தப் பெண் கையில் வெட்டுத் தகடோடு ஓடியதைக் கண்டோம் என்றார்கள். மேசைக்குப் பின்னால் நடந்தது அவர்களுக்குத் தெரிந்திராது, முழுப் பொய்யும் இல்லை. நான் ஜெர்மன் பாஸ்போட்டுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த நேரம் அது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், வீட்டில் நானும் அவளும்தான். ஆயுதத்தால் வெட்டிய வழக்கு விழுந்தால் பாஸ்போட்டும் போகும், நானும் உள்ளே போவேன். வெங்காயப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன்.

வாழைப்பழக்காரிதான் உதவி செய்வதாக நினைத்து, கமரா அண்ணையைக் கையால் காட்டினாள். "இவரிடம் படம் இருக்கும். இவர் எல்லாவற்றையும் எடுப்பார்."

பொலிஸ்காரி அவரிடம் கையை நீட்டினாள். சந்தை முழுவதும் எங்களைப் பார்த்தது. அந்தக் கமராவில் வேறு யாராவது கைவைத்து நான் கண்டதில்லை. அவர் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். அவள் திறந்து பார்த்தாள். உள்ளே படம் பதிகிற அட்டை இல்லை.

"அட்டை எங்கே?"

"இன்றைக்குக் கொண்டுவர மறந்துபோனேன்" என்றார் தன்னுடைய உடைந்த ஜெர்மன் மொழியில்.

அவள் நம்பவில்லை. பையை, சட்டையை எல்லாம் தடவிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. விலாசத்தை எழுதிக்கொண்டு விட்டார்கள். அவர் என்னைப் பார்க்காமல் போய்விட்டார். நான் பின்னேரம் கடையைக் கட்டியபோது ரோல்ஸ் பொரிக்கிற எண்ணெய் கெட்ட பிளாஸ்டிக் மணம் மணத்தது. அரிதட்டை விட்டு அள்ளினேன். கறுத்துச் சுருண்ட நகத்தளவு கட்டி ஒன்று வந்தது.

அது என்னவென்று விளங்கச் சற்று நேரம் ஆனது. விளங்கியதும் நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அட்டையைக் கழற்றி எண்ணெயில் போட நீண்ட கை, அவன் கொலரைப் பிடிக்க நீளவில்லையே.

மாலிக்குப் பேச்சு வரச் சில நாட்கள் எடுத்தன. பேச்சு வந்ததும் முதலில் பொலிஸிடம் பேசினாள். கழுத்திலிருந்த விரல் தடங்களை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். என்மேல் இருந்த விசாரணையை முடித்துவிட்டதாகக் கடிதம் வந்தது. அவனை உள்ளே வைத்தார்கள். கமரா அண்ணை இவ்வளவு நாளும் சந்தைப் பக்கம் வரவில்லை.

வந்தது கோடையின் கடைசி ஞாயிறில். கமரா வழக்கம்போல் நெஞ்சில் தொங்கியது. கையில் உறை எதுவும் இல்லை. என் கடைக்கு முன்னால் வந்து நின்றார். நான் தேத்தண்ணி போடவில்லை.

"நீங்கள் ஒருக்கா கை நீட்டியிருந்தா நான் தகட்டைத் தூக்கியிருக்கமாட்டன்" என்றேன்.

"ஓம்."

"அவள் செத்திருப்பாள் அண்ணை."

"ஓம் தங்கச்சி."

திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். ஓம் என்று சொல்லுகிற ஆளை எவ்வளவு நேரம் திட்டுவது? கொஞ்சம் கொத்தினேன். பிறகு, அன்றிலிருந்து எனக்குள் கிடந்த கேள்வியைக் கேட்டேன்.

"எண்ணெய்க்குள்ளை போட முதல் அந்தப் படத்தைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"எனக்கு அந்தப் படம் வேணும்."

அவர் திடுக்கிட்டுவிட்டார். எனக்கே அது எதிர்பாராத பேச்சுத்தான். ஆனால் உண்மை. எங்கள் வீட்டு ஆல்பங்களில் நான் எங்கும் சிரித்துக்கொண்டுதான் நிற்கிறேன். கலியாணத்தில் சிரித்தேன், அகதி முகாமில் சிரித்தேன், என்னை அடித்த மனிசனுக்குப் பக்கத்தில் நின்றும் சிரித்தேன். அந்த ஒரு கணத்தில்தான் சிரிக்கவில்லை. அந்த முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. சந்தையில் எல்லாரும் அதற்குப் பிறகு என்னை வேறு மாதிரிப் பார்த்தார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

"அது இனி இல்லை" என்றார். "அதிலை நீங்களும் அவனும்தான் இருந்தியள். மாலி மேசைக்குக் கீழை. அவன்ரை கை தெரியேல்லை. அந்தப் படத்தைப் பாக்கிறவன் என்ன நினைப்பான்? ஒருத்தன் சும்மா குனிஞ்சு நிக்கிறான், நீங்கள் வெட்டுறியள். படம் பொய் சொல்லாது தங்கச்சி, ஆனா முன்னுக்கு நடந்ததைச் சொல்லாது."

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ. நான் எப்பிடி இருந்தனான்?"

வாழ்நாள் முழுக்கப் படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிற மனிதர், பேச வேண்டிவந்ததும் தடுமாறினார்.

"கொண்டை அவிண்டு பாதி முகத்திலை கிடந்தது. ஏப்ரனிலை முட்டை ஊத்தியிருந்தது. ஒரு தகடு அவன்ரை முகத்திலை. மற்றதை இடக்கையாலை நெஞ்சோடை அணைச்சுப் பிடிச்சிருந்தியள், பிள்ளையைத் தூக்கி வைச்ச மாதிரி. வாய் மூடியிருந்தது. வெறி இல்லை. கோவம்கூட இல்லை. நீங்கள் கொத்துக் கொத்தேக்கை இருக்கிற அதே முகம்தான். ஆனா…"

"ஆனா?"

"கண் திறந்திருந்தது. நல்லாத் திறந்திருந்தது தங்கச்சி." அவர் குரல் உடைந்தது. "அண்டைக்குப் பாங்கொக்கிலை ஐஸ் சிவந்தது, மீன் வழுக்கினது எண்டெல்லாம் சொன்னனான் எல்லோ? ஒண்டையும் நான் காணேல்லை. முதல் அடி விழேக்கையே ஓட்டையிலை வைச்சுக்கொண்டே கண்ணை மூடிட்டன். சத்தம் மட்டும்தான் கேட்டது. என்ரை சிநேகிதன்ரை சத்தமும் அந்தப் பொம்பிளை இடிக்கிற சத்தமும். எது எதெண்டு தெரியேல்லை. மிச்சமெல்லாம் வருசா வருசம் அங்கை போய் நிண்டு நான் சேர்த்தது. அவன் கடைசியாய் மேலை யன்னலைப் பாத்தவனோ எண்டுகூட எனக்குத் தெரியாது."

நான் கொத்துவதை நிறுத்திவிட்டேன். அவருடைய கண்கள் திறந்திருந்தன, என்னையே பார்த்தன. கட்டைவிரல் பொத்தானில் இல்லை. இந்த மனிதரின் நேர்ப்பார்வை என்மேல் பட்டது அன்றுதான். அடுத்த வருடத்திலிருந்து அவர் வரவில்லை, பாங்கொக்கிலேயே தங்கிவிட்டார் என்று சொன்னார்கள். ஆகையால் அவரை நினைத்தால் எனக்கு அந்தக் கண்கள்தான் வரும்.

அவர் என்னைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். பக்கத்துக் கடையில் மாலி அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்தாள். கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள், முன்னால் புது உரல் இருந்தது. அவள் உலக்கையை எடுத்து முதல் இடி இடித்தாள். கமரா அண்ணையின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. கண்கள் இறுக மூடின. விரல் தானாகவே பொத்தானுக்குப் போனது.

நான் மேசைக்கு மேலால் எட்டி அந்த விரலைப் பிடித்தேன். எண்ணெய்க் கைதான், இருந்தாலும் விடவில்லை.

"திறவுங்கோ அண்ணை" என்றேன். "மாலிதான். பப்பாசி இடிக்கிறாள். திறந்து பாருங்கோ."